பன்னிரண்டு நாள் மெத்தை

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலிக்கிறது.

என் வருடாந்திர மதிப்பீட்டில் முதலாளி எழுதியிருக்கும் ஒரே குறை: "நேரக் கட்டுப்பாடு போதாது." எனக்கு! நான்கு திட்ட மேலாளர்களை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் பதினொரு வெப்சைட் வேலைகளை இழுத்துக்கொண்டு போகிறவளுக்கு! போன திட்டம் தாமதமானது உண்மைதான். நாங்கள் கேட்ட நாட்களில் பத்தை வெட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் தேதி சொன்னது யார்? தேன்வாயன். வாடிக்கையாளர் தொடர்புக்கு அவன்தான் தலைவன். நான் வைத்த பெயர் அது, இந்த நோட்டுக்குள் மட்டும்.

வெட்டியது போதாதென்று போன மாதம் வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னான்: "இவங்க டீம் கொஞ்சம் பயந்த டீம் சார். அஞ்சு நாள் வேலைக்கு ஏழுன்னு போடுவாங்க. நான்தான் வெட்டி உங்களுக்குத் தர்றேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரர் சொல்கிறார்: "நீ பல் தேய்க்கிறப்பகூட அவனைத்தான் தேய்க்கிற. விட்டுத்தொலையேன்."

விடுவதா? நானா?

மார்ச் 5, வியாழன்

வழி கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் போடுவோம். அதற்கு எங்கள் குழுவில் மெத்தை என்று பெயர். ஒருவருக்குக் காய்ச்சல் வரும், வாடிக்கையாளர் படங்களைத் தாமதமாக அனுப்புவார், விழுந்தால் அடிபடக் கூடாது. தேன்வாயனுக்கு இது தெரியும். அதனால் பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்காமல் பத்து நாள் வெட்டுவான். அவன் வெட்டுவான் என்பதால் நாங்கள் இன்னும் கொஞ்சம் சேர்ப்போம். வருடக்கணக்காக இதே கூத்து.

மூக்குக்கண்ணாடிக் கம்பெனியின் ஆன்லைன் கடைக்கான பட்டியலை நிதானம் போட்டு வைத்திருந்தாள். என் குழுவிலேயே கெட்டிக்காரி. அவள் பதறி நான் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். ஐம்பத்து நான்கு நாள். அதில் மெத்தை பன்னிரண்டு.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வரியாக மெத்தையை உருவினேன். கடை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குப் பத்து இருந்தது, எட்டாக்கினேன். மொத்தம் நாற்பத்திரண்டு. அதையே அவனுக்கு அனுப்பினேன். வெட்டுடா ராஜா, வெட்டு. இந்தத் தடவை பஞ்சு இல்லை, எலும்புதான்.

மார்ச் 6, வெள்ளி

வெட்டிவிட்டான்! "வழக்கம்போல பத்து நாள் கழித்துவிட்டேன், முப்பத்திரண்டு என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாயிற்று" என்று மெயில். கடைசியில் ஒரு சிரிக்கும் மூஞ்சி வேறு.

பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நாளைக்கப்புறம் நெஞ்சு குளிர்ந்திருக்கிறது!

மார்ச் 11, புதன்

வேலை தொடங்கிய முதல் நாள். நிதானம் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நான் அம்பத்துநாலுதானே போட்டேன்? ஷீட்ல நாப்பத்திரண்டுன்னு இருக்கு. அவர் அதுலயும் பத்தைக் கழிச்சிருக்கார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நேராகத் தேன்வாயனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவாள். அவ்வளவு நல்லவள். நானோ இத்தனை தூரம் வந்துவிட்டேன்.

"நீ மெத்தை போட மறந்துட்ட போலிருக்கு" என்றேன். "பரவாயில்ல, பாத்துக்கலாம்."

முகம் வெளுத்துவிட்டது. பழைய பிரதியைத் திறந்து பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறாள்.

மார்ச் 27, வெள்ளி

படங்கள் இன்னும் வரவில்லை. டிசைனருக்கு அம்மை. எல்லாம் நான் நினைத்தபடியே.

ஏப்ரல் 9, வியாழன்

நிதானம் மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள். வேண்டாம் என்றால், "என் தப்புக்கா, நான்தான் சரிக்கட்டணும்" என்கிறாள். தங்கை பிரசவத்துக்குக்கூடப் போகவில்லை.

இன்னும் இரண்டு வாரம்தான். தேன்வாயன் மாட்டியதும் எல்லாவற்றையும் சொல்லி அவளுக்கு நீண்ட விடுப்பு கொடுத்துவிடுவேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

கடை திறந்தது. எட்டு நாள் பரிசோதனை இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. கண் பவரை மைனஸ் என்று கொடுத்தால் பிளஸ் என்று பதிவாகிறது. மாலைக்குள் நூற்றுப்பத்துப் பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். கடையை மூடிவிட்டோம்.

திங்கள்கிழமை கூட்டம். வாடா ராஜா, வா.

ஏப்ரல் 27, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

முதலாளி, வாடிக்கையாளர், நாங்கள் மூவர். என் கை பைக்குள் அந்தக் காகிதத்தின் மேல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நிதானம் எழுந்து நின்றாள்.

"ஆரம்பத்துலயே நாள் குறைச்சுப் போட்டது நான்தான் சார். மெத்தை போட மறந்துட்டேன். வேற யாரும் காரணமில்ல." குரல் நடுங்கியது. அவள் குரல்!

சரி, இப்போது இவன் தப்பித்துக்கொள்வான் என்று பார்த்தேன். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "இல்ல சார். படிச்சுப் பாக்காம பத்து நாள் வெட்டினது நான். எப்பவும் அப்படித்தான் வெட்டுவேன். இந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இனிமே என் டீம் கவனமா இருக்கும் சார்."

இதையா சொன்னேன்? இதைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 30, வியாழன்

தேன்வாயனை வாடிக்கையாளர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிரிண்டர் பக்கத்தில் ஒரு மேசை. இனி எந்தத் தேதியும் நான் பார்த்துத்தான் வெளியே போகும். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார்.

நாளைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

மே 4, திங்கள்

சொல்லவில்லை.

மே 12, செவ்வாய்

நிதானம் புதுத் திட்டத்துக்குப் பட்டியல் அனுப்பியிருந்தாள். நாலு நாள் எடுத்துக்கொண்டாள், முன்பெல்லாம் ஒரு மதியத்தில் முடித்துவிடுவாள். அனுப்பிவிட்டு நேரிலும் வந்து நின்றாள்.

"ஒவ்வொரு வரியிலயும் மெத்தை இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்கக்கா. மூணு தடவை பாத்துட்டேன், இருந்தாலும் எனக்கு என்மேல நம்பிக்கை இல்ல. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"சரியா இருக்கு" என்றேன். "நிஜமாவா?" என்று கேட்டாள்.