ஐம்பதோடு நிறுத்திய முகம்

பெங்களூரு

தனக்கோடிக்கு, பூபதி எழுதுவது. எனக்குச் சுகத்தில் குறைவில்லை. உன் மூட்டுவலி குறைந்ததா?

நான் காவல் காக்கும் ஓவியக் கூடத்தில் புதுப்படம் மாட்டியிருக்கிறார்கள். வலையோடு நிற்பவன், போன வருஷம் ஏரியில் முழுகிப்போன நம் பிள்ளை தீனா. அதற்கு முன்பு நம் ஊர் பசியாவரத்துக்கு வந்துபோன ஓவியர் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்ததாம். ஒரு பிரதி நாற்பதாயிரம். எனக்கொன்று கேட்டேன்.

"அம்பது பிரதிதான் தாத்தா. இன்னொண்ணு போட்டா மத்ததுக்கு மதிப்பு போயிடும்" என்றாள் மேலாளர் பெண்.

"எம்புள்ள ஒருத்தன்தாம்மா இருந்தான். அவனுக்கு இன்னா மதிப்பு போட்டீங்கோ?" என்றேன்.

மேற்கொண்டு அச்சடிக்க முடியாதபடி கட்டையைக் குறுக்கே கீறி வைத்திருக்கிறார்கள். கீறினாலும் முகம் தெரிகிறது. அதையாவது கொடுங்கள் என்று தினமும் கேட்கிறேன்.

போர்வையும் கொஞ்சம் கருவாடும் அனுப்பு. கட்டை கைக்கு வராமல் நான் ஊருக்கு வரமாட்டேன். தீனாவின் வருஷப் படையலை நீயே போட்டுவிடு.

பூபதி