இடப்பக்கத்து ஆறு பலகை

1931 நவம்பர் 17
காலையில் தூறல். பலகை தைக்கிற கயிறு ஈரமாகிவிட்டதால் வேலை ஓடவில்லை. கருங்கல் சந்தைக்குப் போன என் வீட்டுக்காரி செசிலி வந்ததும் வராததுமாகச் சொல்கிறாள்: "இஞ்ச கேட்டியளா? கடியபட்டணத்துக்காரங்களுக்குச் சுயம்பு கெட்டுத வள்ளம் பெருநாளுக்கு முந்தியே தீந்திருமாம். மந்திரிக்க இஞ்ச குளச்சலுக்குத்தான் கொண்டு வருவாவளாம்."

கொண்டு வரட்டுமே! சவேரியார் பெருநாளில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முதலில் மந்திரிப்பது நான் கட்டும் வள்ளமாகத்தான் இருக்கும். இந்தக் கரையில் இருபது வருடமாக நான் வள்ளம் கட்டும் ஓடாவி. சுயம்பு வந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. நெற்றியில் நாமத்தை இழுத்துக்கொண்டு, யாரிடமும் அதிகம் பேசாமல், உளியைத் தட்டிக்கொண்டே இருப்பான். அந்தப் பேசாத்தனத்துக்கே ஊரில் பாதிப்பேர் மயங்கிக் கிடக்கிறார்கள். செசிலியின் தம்பி சிலுவைக்கு நான் கட்டும் வள்ளத்தில் வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கத்துக்கு ஆறு பலகை குறைகிறது.

நவம்பர் 20
உலர்ந்த அயினி மரப் பலகை எங்கேயும் இல்லை. கருங்கல்லுக்கு அப்பால் அறுப்பிடத்தில் போன வாரம் வெட்டிய மரம்தான் கிடைத்தது. பச்சை. கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. இரண்டு மாதம் நிழலில் அடுக்கி வைக்க வேண்டிய பலகை. இரண்டு மாதமா? சவேரியார் பெருநாளுக்குப் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

ஆறு பலகைதானே.

நவம்பர் 29
தைத்து முடித்தேன். மீன்நெய்யை உள்ளும் புறமும் இரண்டு தடவை பூசினேன். இப்போது எது பழையது, எது பச்சை என்று எவனுக்கும் தெரியாது. பச்சைப் பலகையில் நெய் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூசினேன்.

டிசம்பர் 3
சாமியார் நம் வள்ளத்தை முதலில் மந்திரித்தார். சுயம்புவின் வள்ளம் இரண்டாவது. வயிறு குளிர்ந்துபோயிற்று. செசிலி வட்டயப்பம் அவித்தாள், நான்கு தின்றேன்.

டிசம்பர் 10
சிலுவை சொல்கிறான், வள்ளம் இடப்பக்கம் சாய்கிறதாம். காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும் என்றேன்.

டிசம்பர் 19
காற்றே இல்லாத நாளிலும் சாய்கிறதாம். பாய்மரம் கோணலாக நின்றிருக்கும் என்று ஆப்பு வைத்து நிமிர்த்திக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை.

1932 ஜனவரி 8
ஆப்பு ஒன்றும் செய்யவில்லை. வலப்பக்கத்து அடியில் பாரக்கல் அடுக்கினேன். நிமிர்ந்தது! ஆனால் வள்ளம் முன்னைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. சுயம்புவின் வள்ளம் பக்கத்தில் நேராகப் போனதைக் கரையில் நின்று பார்த்தேன். நேராகத்தான் போயிற்று. எரிச்சலோடு வீட்டுக்கு வந்து செசிலியிடம் குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். உப்பு இருந்தது.

பிப்ரவரி 26
என்ன எழுத. பாயைத் திருப்பும்போது கல்லெல்லாம் ஒருசேர இடப்பக்கம் உருண்டிருக்கிறது. வள்ளம் கவிழ்ந்துவிட்டது. சிலுவையும் கூட இருந்த இரண்டு பேரும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். காப்பாற்றிக் கொண்டுவந்தது யார்? சுயம்பு கட்டிய அதே வள்ளம். கவிழ்ந்த வள்ளத்தையும் அதுதான் கட்டி இழுத்து வந்தது. சிலுவைக்குத் தோள் நழுவிவிட்டது. வைத்தியர் இழுத்து வைக்கும்போது அவன் போட்ட கூச்சல் இன்னும் காதில் கேட்கிறது.

செசிலி அழவில்லை. "வள்ளத்துல என்ன குத்தம்ண்ணு பாக்க நாளைக்கு சுயம்புவை விளிச்சுட்டு வாருங்க. நீங்க போவலன்னா நான் போவேன்" என்றாள். அவ்வளவுதான்.

அவனிடம் போய் நிற்பதா? நானா?

மார்ச் 3
நான் போகவில்லை. அவளே போனாள்.

மார்ச் 5
வந்தான். என்னைப் பார்த்து, "ஓய், ஒரு தூக்குக்குண்டு தாரும்" என்றான். என் சாமானை வைத்தே என் வேலையை அளக்கப்போகிறான்!

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் அலையில்லாத தண்ணீரில் வள்ளத்தை விடச் சொல்லி, குறுக்குக் கம்பில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். பாயை இறக்கினான். சாய்வு அப்படியே இருந்தது. பாய்மரத்தைக் கழற்றினான். கல்லெல்லாம் கவிழ்ந்த அன்றே கடலில் போய்விட்டது. ஆனாலும் சாய்ந்துதான் நின்றது. காற்றோ என்று வள்ளத்தைத் தலைமாற்றித் திருப்பிவிட்டான். அப்போதும் வள்ளத்தின் இடப்பக்கம்தான். பிறகு கரையில் ஏற்றிக் கவிழ்த்து, அடிமரத்திலிருந்து இரண்டு விளிம்புக்கும் கயிறு பிடித்து ஒவ்வொரு முழத்திலும் அளந்தான். இரண்டு பக்கமும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. அந்த இடத்தில் எனக்கு ஒரு பெருமை வந்தது, வெட்கமில்லாமல்.

"கணக்குக்கு ஒரு குறையும் இல்ல. நல்ல கை" என்றான் சிலுவையிடம். "வைகாசியில கயித்துக்கெட்டப் பிரிப்பமில்லியா, அப்பப் பாப்போம். அதுவரைக்கும் கடல்ல எறக்காண்டாம்."

நல்ல கையாம். இவன் யார் எனக்குச் சான்று கொடுக்க?

ஜூன் 11
வருடத்துக்கு ஒருமுறை கயிற்றைப் பிரித்து மறுபடி தைக்கிற நாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

வலப்பக்கத்துப் பலகையை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு போனான். இடப்பக்கத்துப் பலகைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. சுயம்பு அதைப் பார்த்தான். உளியால் நெய்ப்பூச்சைச் சுரண்டிப் பெருவிரலை அழுத்தினான். விரல் ஈரமானது. வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். "பலகை உள்ள தண்ணி குடிச்சிருக்கு. நெய்யெல்லாம் வழிச்சுட்டு நெழல்ல காயப் போடணும்" என்று மட்டும் சிலுவையிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 12
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் பகைத்திருப்பேன். ஒன்றுக்கும் வழிவிடாமல் செய்துவிட்டான் பாவி. கையிலும் என்னை மிஞ்சினான், சரி. குணத்திலுமா? இதை என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் 14
பூசை முடிந்து வரும் வழியில் சிலுவையிடம் சொல்லிவிட்டேன். பச்சைப் பலகை என்று தெரிந்தேதான் வைத்தேன், சுயம்புவுக்கு முந்த வேண்டும் என்று வைத்தேன், நெய்யைப் பூசி மறைத்தேன் — எல்லாம்.

அவன் தோளைத் தடவிக்கொண்டே நின்றான். "பெருநாளுக்கு ரெண்டாவதா மந்திரிச்சா தண்ணியில மெதக்காதா அத்தான்?" என்று கேட்டான்.

ஜூன் 15
செசிலிக்கும் தெரிந்துவிட்டது. சோறு மட்டும் வைத்தாள்.

ஆகஸ்ட் 22
பலகை காய்ந்துவிட்டது. இப்போது ஒருவன் தூக்கினாலே வருகிறது. நேற்று சிலுவை வந்து, சுயம்புதான் தைப்பான் என்றான். தைக்கட்டும் என்றேன். ஆனால் வள்ளம் தைக்க உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் வேண்டுமே. வெளியே யார் என்று கேட்டதற்குச் சுயம்பு என் பெயரைச் சொன்னானாம். "அவருக்க கை இருந்தாத்தான் நான் உள்ள இருப்பேன்" என்றானாம்.

ஆகஸ்ட் 25
மூன்று நாளாகத் தைக்கிறோம். அவன் உள்ளே, நான் வெளியே. பலகை மறைப்பதால் முகம் தெரியாது. துளை வழியாகக் கயிறு வரும், நான் இழுப்பேன், திருப்பி விடுவேன், அவன் இழுப்பான். அவன் இழுத்ததைவிட என் இழுப்பு தளர்ந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. மாலையில் பார்த்தால் அவன் கையும் உரிந்திருக்கிறது. கொஞ்சம் நிம்மதி.

செப்டம்பர் 7
பொழிமுகத்தில் இறக்கினோம். பாரக்கல் ஒன்றுகூட இல்லை. தூக்குக்குண்டு நடுக்கோட்டிலேயே நின்றது. சிலுவை பாயை விரித்துக் கடலுக்குள் போய்த் திரும்பி வந்தான், நேராக.

கரையில் நின்றவர்கள் யார் தைத்தது என்று கேட்டார்கள். "சுயம்புவும் எனக்க அத்தானும்" என்றான் சிலுவை.

அவன் பெயரைத்தான் முதலில் சொன்னான். கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சுயம்புவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.