ஹோலின் நடுவில் ஒரு மூட்டு

யூன் 22
கச்சான் காற்று. மேசையில் பிளான் நிற்கவில்லை, நான்கு மூலைக்கும் ஓட்டுத்துண்டு வைத்தேன். முதலாளியின் புது மாடிவீட்டுக்குக் காஸ் குழாய் போகும் வழி கீறி முடிந்தது. கொட்டிலில் சிலிண்டர். அங்கிருந்து வெளிச்சுவரோடு சுற்றிப் பின்பக்கம், கீழ்வீட்டுக் குசினி, மேல்வீட்டுக் குசினி. எல்லா மூட்டும் கண்ணுக்குத் தெரியும். கொழும்பில் ஆறு மாதம் பழகியதற்கு இதுவாவது மிச்சம்.
விறகில்லாத குசினி என்று முதலாளி சொல்லித் திரிகிறார். வவுனியா முடிந்து ஓமந்தைக்கும் கேட்டிருக்கும்.
வாங்க: சணல், வெள்ளை ஈயம், சவர்க்காரம், என் தடிமனுக்கும் இருமலுக்கும் கொத்தமல்லி.

யூன் 25
முதலாளி பிளானைப் பார்த்தார். குழாய் போகும் வெளிச்சுவருக்கு உட்பக்கம் சாமி அறை.
"ஓவசியர், சாமிப் படத்துக்குப் பின்னால நெருப்புக் குழாயோ? ஆர் குடிவருவினம்? ஹோலுக்குக் கீழால கொண்டு போங்கோ."
நிலத்துக்குள் கூடாது என்று தொடங்கினேன். கார் கதவு சாத்தப்பட்டது.
யூசுப் நானா அளந்தார். செட்டிகுளத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்த குழாய் வேலைக்காரர். ஹோலுக்குக் கீழே முப்பத்திரண்டு அடி. குழாய் ஒன்று இருபது அடிதான்.
"ஹோலுக்கு நடுவில ஒரு மூட்டு வரும், ஐயா. சீமெந்துக்குள்ள மூட்டு வைக்க எனக்கு மனமில்லை."
எனக்கும் இல்லை. ஆனால் சொன்னது: "போடுங்கோ நானா. நான் பாத்துக்கொள்ளுறன்."

யூன் 29
சணல் சுற்றி வெள்ளை ஈயம் தடவிய மூட்டில், குழாய்க்குள் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். குமிழி இல்லை. ஒரு நாள் திறந்து கிடக்கட்டும் என்றார் நானா. முதலாளிக்கு அவசரம். ஆடி பிறந்தால் குடிபூர முடியாது, அதற்கு முன் பால் காய்ச்ச வேண்டும், சீமெந்தும் காய வேண்டும். மத்தியானமே மூடினோம்.
பிளானைத் திருத்திக் கீற வேண்டும். நாளை.

யூலை 3
திருத்தவில்லை. தடிமன். வண்ணானிடம் கொடுத்த வேட்டி வரவில்லை.

யூலை 12
பால் காய்ச்சினார்கள். கீழ்வீட்டுக்குக் குடிவந்தது மனோன்மணி ரீச்சர். தனி ஆள், நல்ல சிரிப்பு. "தம்பி, காஸ் வீட்டில விறகில பால்" என்று என்னைப் பகிடி பண்ணினா. ஹோலின் நடுவே மூன்று கல், புதுப்பானை. கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும். சர்க்கரைப் பொங்கல் இரண்டுதரம் வாங்கினேன்.
சாம்பலை அள்ளியபோதுதான் கண்டேன். சீமெந்தில் கருவட்டம், மயிரளவு வெடிப்பு. நேர் கீழே மூட்டு. முக்கால் மணி நேரம் எரிந்த நெருப்பு. உள்ளே சணல் கருகியிருக்குமோ? வீட்டுக்கு வீடு ஹோலில்தான் பால் காய்ச்சுகிறோம், என் வீட்டிலும் அப்படித்தான். வழி கீறியவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.
ரீச்சர் அதன்மேல் பாய் விரித்தா. நல்ல நாளில் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

யூலை 14
நேற்று சிலிண்டர் பூட்டியாயிற்று. ரீச்சரைச் சந்தையில் கண்டேன். "ஹோலில ஒரு நாத்தம், தம்பி. எலி செத்துக் கிடக்குதோ தெரியேல்லை." காற்றும் இன்று விழுந்துவிட்டது.
"யன்னலைத் திறந்து விடுங்கோ அக்கா, நாளைக்கு வந்து பாக்கிறன்."
முதலாளி ஓமந்தைக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன்.

யூலை 15
ரீச்சர் காலையில் யன்னல் பூட்டிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறா. பள்ளி விட்டபின் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். பின்னேரம் வந்து சாமி விளக்குக் கொளுத்த நெருப்புக்குச்சி உரசினாவாம். வெடித்த சத்தம் கச்சேரி வரை கேட்டது. ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருக்கிறார்கள். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழை.

யூலை 16
ரீச்சர் செத்துப் போனா.
சாப்பிடவில்லை.

யூலை 17
விசாரணை. மேசையில் என் பிளான், பழையது. குழாய் வெளிச்சுவரோடு போகிறது.
முதலாளி: "பிளானில வெளியால. யூசுப்தான் தன்ர பாட்டில கீழால விட்டிட்டான்."
இன்ஸ்பெக்டர் என்னிடம்: "இது நீர் கீறினதோ?"
"ஓம்."
"இதில ஹோலுக்குக் கீழால குழாய் இருக்கோ?"
"இல்லை."
இரண்டுக்கும் உண்மைதான் சொன்னேன். நானா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். 'போடுங்கோ' என்று நான் சொன்னதை எடுத்து வீசுவார் என்று பயந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள்.

யூலை 18
வெயில். காற்று இல்லை. செட்டிகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் நானாவின் மனைவி வந்தா. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.
"பஸ்ஸால இறங்கி பொலிஸ் ஸ்டேசனில அவரைப் பாத்திட்டுத்தான் வாறன். உங்களட்டைப் போகச் சொன்னவர். ஐயா பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவராம், பயப்படாதை எண்டவர்."