உன் அப்பா விரல் வைத்த ஊர்

சின்ன காஞ்சிபுரம்

அன்புள்ள பெண்ணே,

நாங்கள் அங்கே வரும்போது பிரான்ஸ் கிராமங்களைக் காரில் சுற்ற எந்த ஊரில் வீடு எடுக்கலாம் என்று ஏன்தான் கேட்டாயோ, பத்து நாளாக உன் அப்பா என் பிராணனை வாங்குகிறார்.

பெட்டியில் சாளக்கிராமப் பெருமாளும் வருகிறாராம். அவரைத் தினம் ஒரு ஓட்டலுக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதாம். ஒரே வீடு, அதில் சமையலறை, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பக்கத்திலிருக்கும் வாலாஜாபாத் போனாலே இப்படித்தான், சரி என்றேன். நீ அனுப்பிய ஆற்றங்கரை ஊர் ஈரமாம். மலை ஊரில் வளைவு அதிகமாம். கோட்டை ஊருக்குக் காரணமே சொல்லவில்லை.

நேற்று பொறுக்க முடியாமல், "நீங்களே ஒண்ணச் சொல்லித் தொலைங்கோ" என்று மேப்பை அவர் மடியில் போட்டேன். நீ அனுப்பாத ஊர் ஒன்றில் விரலை வைத்தார். உன் வெள்ளைக்கார மாமியார் இருக்கும் ஊர். உன் கல்யாணத்திலிருந்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

அவரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி மாமி தளிகையில பூண்டு போடுவாளான்னு கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதிவிட்டேன். இனி உன் பாடு, உன் அப்பா பாடு.

அம்மா