கட்டைக்கு முதலிடம், தவளைக்குக் கடைசி இடம்

என் அன்பு அம்மாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. யாழினி தூங்கி, பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் கை ஒழிந்தது. உன் மூன்றாம் வருஷ நினைவு நாளுக்குப் பேப்பரில் போட நாலு வரி எழுதிக் கொடு என்று அப்பா கேட்டார். நாலு வரியில் அடங்காது போலிருக்கிறது.

முதலில் செய்தி. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் வேலையேதான், பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். வருகிறேனா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். இவருக்கும் ஷிப்ட் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவராத வாரங்களில், யாழினி ஸ்கூல் விட்டு வந்து மூன்று மணி நேரம் பக்கத்து வீட்டு ரத்னம்மா அக்காவிடம் இருக்க வேண்டும். ஆறு வயசு, அம்மா. காய்ச்சல் வந்தால் சொல்லத் தெரியுமா? யாராவது கேட்டைத் திறந்து வைத்துவிட்டால்? நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ரத்னம்மா அக்கா சிரிக்கிறார். “ஏனம்மா இது! நானு மூணு பிள்ளைங்கள வளத்தவ. நீ மொதல்ல சாப்பிடு, அப்புறம் பயப்படு.”

இன்று சாயங்காலம் சர்டிபிகேட் தேடி உன் பீரோவைக் குடைந்தபோது, அடித்தட்டில் அந்த வீடியோ கேம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே நடைபாதைக் கடையில் நீ வாங்கி வந்தாயே, கைக்கு அடக்கமாக, மஞ்சள் பட்டன் வைத்தது. உள்ளே ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று டப்பாவில் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். அதையே வேகம் மாற்றி மாற்றிக் காட்டியது. “டப்பா மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. எங்க லைன்ல வந்திருந்தா இத நான் பாஸ் பண்ணவே மாட்டன்” என்றாய். சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதை நீ கீழே வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்து, பெற்ற பிள்ளையிடமிருந்து வீடியோ கேமைப் பிடுங்கி ஆடிய அம்மா நீ ஒருத்திதான்.

செல் தீர்ந்துபோனால் பல்லால் கடித்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்று ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள். கடித்தும் ஓடாத அன்று, சுவர்க் கடிகாரத்திலிருந்த நல்ல செல்லை எடுத்துக்கொண்டு, கடித்ததை அதில் போட்டு வைத்தேன். கடிகாரம் நிற்கவில்லை. மெதுவாக நகர்ந்தது. காலையில் அதைப் பார்த்து நீ நிதானமாகக் காபி குடித்துவிட்டுப் போனாய். கம்பெனி பஸ் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, செல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். நான் போர்வைக்குள் மூச்சு விடாமல் கிடந்தேன்.

“ஏண்டி, தூங்கற மாதிரி நடிக்காத. இது யாரு பல்லு?”

“எலிம்மா.”

“எலிக்கு முன் பல்லு ஒண்ணு இல்லாம இருக்குமா? எங்க, வாயத் தொற.”

அடி விழும் என்று நினைத்தேன். நீ யூனிபார்மைக்கூட மாற்றாமல் பாயில் உட்கார்ந்து, “லீவு ஆயிப்போச்சு. எடுத்துட்டு வா அந்த கேம” என்றாய். என்னையும் ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. அப்பா லாரியில் போயிருந்தார். அன்று முழுக்க ஆடிவிட்டுத்தான், எது நல்ல ஆட்டம் என்று வரிசை போட்டோம். காலண்டர் தாளின் பின்பக்கம் நீ எழுதினாய்.

ரோடு தாண்டுகிற தவளை கடைசி. “கம்பெனி பஸ்ஸ உட்டு எறங்கி ஹைவே தாண்டறதே பெரும்பாடு. வீட்டுக்கு வந்தும் அதேவா?” பாம்பு நாலாவது; தின்றுகொண்டே போய்த் தன் வாலையே கடிக்கிறது, புத்தி கெட்டது என்றாய். டேங்கால் சுடுவது மூன்றாவது. முதலிடத்துக்குத்தான் சண்டை. நான் கார் என்றேன். நீ கட்டை அடுக்குவது என்றாய். காரில் ஒரு தடவை இடித்தால் அவ்வளவுதான், கட்டையில் கோணலாக விழுந்தால்கூட மேலே இருக்கிறதைக் கலைத்துக் கலைத்து வந்து சரி பண்ணிக்கொள்ளலாம் என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. “ஓட்டு போடலாம். எனக்கு ரெண்டு ஓட்டு. பெத்ததுக்கு ஒண்ணு, இத வாங்கியாந்ததுக்கு ஒண்ணு.” அப்படித்தான் கட்டை ஜெயித்தது. அது கள்ள ஓட்டு, அம்மா. இன்றைக்கும் சொல்வேன்.

இன்று புதுச் செல் போட்டதும் கேம் உயிர் பெற்றுவிட்டது. யாழினி பிடித்துக்கொண்டாள். “அஜ்ஜியோடதா?” என்றாள். பாட்டிக்கு அஜ்ஜி, ரத்னம்மா அக்கா வீட்டில் கற்ற கன்னடப் பேச்சு. அவள் வரிசையில் தவளைதான் முதலில். “ரோடு தாண்டறதுதான் ஜாலி” என்கிறாள். உனக்குக் கோபம் வருமா?

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு நாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அம்மா வேலைக்குப் போயிட்டா நீ என்ன பண்ணுவ கண்ணு?”

அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அப்ப இது எனக்குத்தான? நீ வந்து புடுங்க மாட்டல்ல?”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு ஸ்கூல் இல்லாத நாட்களில் நீ இரண்டாம் ஷிப்ட் போனபோது, நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஏங்கிப் போய் நின்றிருப்பேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை, அம்மா. நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் நின்றேன். நீ மறைந்ததும் ஓடி வந்து கேமை எடுத்தேன். யாரும் பிடுங்கவில்லை. கார் ஆட்டத்தை அலுக்கிற வரைக்கும் ஆடினேன். அந்தச் சாயங்காலங்களில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இதை உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. நீ வேலைக்குப் போனதற்கு நன்றி, அம்மா. நீ வீட்டில் இருந்த நாட்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்; இதற்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நாளை காலை போன் பண்ணி, வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். முதல் நாள் யாழினி முன்னால் அழ மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. பஸ் ஏறிய பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. உன் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ என்னம்மா நினைத்துக்கொண்டு போவாய்? அதை மட்டும் சொல். கனவில் வந்தாவது சொல். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் ஒரே மகள்,
யாழினியின் அம்மா