பின்பக்கம் மடங்கிய முழங்கால்

நேற்று மாலை மேலகரத்தைத் தாண்டும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசனை என் வண்டியை நிறுத்தியது. பலகையில் ‘சுத்தமான தேங்காய் எண்ணெய்’ என்று எழுதியிருந்தது. வாசனை அதை ஒப்புக்கொள்ளவில்லை. சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சாலையோரத்தில் அந்த மூன்று இளவட்டங்களைப் பார்த்தேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர்கள், ஈரத் துண்டு தோளில் கிடந்தது. ஒருவன் மைல்கல் மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து, வலது முழங்காலை விநோதமாகப் பின்பக்கம் தள்ளி மடக்கினான். இன்னொருவன் செல்போனில் படம் எடுத்தான். மூன்றாமவன், “பத்தாதுலே, ஒடிஞ்சு தொங்குத மாதிரி மடக்கு” என்று யோசனை சொன்னான்.

அவர்கள் மடக்கிக்கொண்டிருந்தது உன் காலை. அதாவது, உன்னுடையது என்று இந்த ஊர் முப்பது வருஷத்துக்கும் மேலாக நம்பிய காலை. சிப்ஸ் வாங்காமல் வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதற்குள் நம் ஊர்ப்பக்கம் எடுத்த அந்தச் சினிமா, ‘நம்ம படம்’, உனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய ஆளாகிவிட்டது. யாரோ அதைத் துடைத்துத் துவைத்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பாண்டியர் காலத்தில் மேற்கு மலைக் கணவாயில் வணிகர்களை மறித்து, பறித்ததை ஏழைக்குக் கொடுத்தான் என்று சொல்லப்படும் கள்ளனின் கதை. படம் வந்தபோது வெளியூரில் நாலு நாள்கூட ஓடவில்லை. இப்போது சென்னையிலிருந்து காரில் வந்து, எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்கிறார்கள்.

என்ன படம் அது! எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கள்ளன் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்குள் குதிரை ஓட்டுவான். அந்தப் பூ நம் நாட்டுக்கு வந்ததே நேற்று முந்தாநாள். மன்னர் வாளை உயர்த்தும்போது மேல்கையில் அம்மை குத்திய தழும்பு இரண்டு, வட்டமாக, பளிச்சென்று தெரியும். கள்ளனைக் கழுவேற்றக் கொண்டுபோகும் காட்சியில் பெண்கள் மாரடித்து அழவேண்டும். கூட்டத்தில் நின்றதெல்லாம் நம் ஊர்ப் பெண்கள். மேளம் அடித்து, மாலை போட்ட ஒருவனை நடத்திக்கொண்டு வந்ததும், அம்மன் கோயில் கொடை விழாவில் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? நூறு பேர் சேர்ந்து குலவை போட்டுவிட்டார்கள். மறுபடி எடுக்கப் பிலிம் இல்லையாம், அப்படியே விட்டுவிட்டார்கள். சாகப்போகிறவனுக்குக் குலவை போட்ட ஒரே படம் உலகத்தில் இதுதான். இன்றைக்கும் அந்தக் காட்சி வந்தால் பார்க்கிற வீடுகளிலும் குலவை கேட்கிறது.

இந்தப் பாசத்தின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. நல்ல படத்துக்கு முன்னால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். ஓட்டைப் படத்துக்கு முன்னால் காலை நீட்டிக்கொள்ளலாம். நம்மைவிட அசடான ஒன்றைப் பார்த்தால் பொங்கி வருகிற பாசம்தான் இது என்று உன் மோட்டார் ரிப்பேர் கடையில் வைத்தே சொன்னேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டே நீ தலை நிமிராமல் கேட்டாய்: “அப்போ என் மேல ஒனக்கு இருக்கது என்ன பாசம்லே?”

சந்தேகப்படுவதுதான் என் தொழில். விபத்துக் காப்பீட்டுக்காரர்களுக்காக விசாரிக்கப் போகிறவன் நான். மரத்திலிருந்து விழுந்தேன் என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால், முதலில் மரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அவருக்கு மரம் ஏறத் தெரியுமா என்று பக்கத்து வீட்டில் கேட்பேன். இப்படி ஊரெல்லாம் துருவுகிறவன் கூட்டாளியை மட்டும் விட்டுவைப்பேனா?

படத்தின் உச்சமே அந்தக் குதிதான். கள்ளன் பாறை முனையில் நின்று, கையை விரித்து, அருவிக்குக் கீழே ஆழமாகத் தேங்கிய கசத்துக்குள் பாய்வான். பாதி வழியில் வலது முழங்கால் மனுஷனுக்கு மடங்காத திசையில் மடங்கும். அடுத்த காட்சியில் உலர்ந்த தலைப்பாகையோடு கரையேறுவான். ஹீரோவுக்குப் பதிலாகக் குதித்தது நீ என்பது தென்காசியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உன் இடது கை தோளுக்கு மேல் போகாதல்லவா, அது அந்தக் குதியில் போனது என்பதும் தெரியும்.

நான் நம்பவில்லை. எந்தக் கொடை விழாவிலோ சைக்கிளோடு விழுந்திருப்பாய், விழுந்த கைக்கு ஒரு வீரக்கதை கட்டிவிட்டாய் என்றே வைத்திருந்தேன். யாராவது குதியைப் பற்றிக் கேட்டால், “தண்ணி ரொம்பக் குளிரு” என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாய். கெட்டிக்காரப் பொய்யன் அதிகம் பேசமாட்டான் என்பது என் அனுபவம். அதனால் உன் மௌனத்தையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அதோடு நிற்கவில்லை. நம் ஊர் மாதப் பத்திரிகையில் நான் எழுதுகிற நகைச்சுவைப் பக்கத்தில் ‘ரப்பர் முட்டி மாவீரன்’ என்று ஒன்று எழுதினேன். பெயர் போடவில்லை, போடவேண்டிய அவசியமும் இல்லை. அந்த மாதம் முழுக்க எனக்குக் கைகுலுக்கல். நீ கடையில் அதைப் படித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்க” என்றாய். பிறகு ஒரு மாதம் டீக்கு வரவில்லை. செம்புக் கம்பி தட்டுப்பாடு, வேலை அதிகம் என்று காரணம் சொன்னாய். நான் அதையும் சந்தேகப்பட்டேன், ஆனால் தவறான திசையில்.

ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி வாரத்தில், வார்டு டிவியில் நம்ம படம் ஓடியது. நர்ஸ் பெண் ஓடிவந்து, “அங்கிள், இது நீங்களாமே?” என்று கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள் நான், “ஆமா சிஸ்டர், அப்போல்லாம் இவனுக்கு முட்டி ரெண்டு பக்கமும் மடங்கும். இப்போ பாருங்க, ஒரு பக்கமே மடங்க மாட்டேங்குது” என்றேன். வார்டே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு நீ மெதுவாகக் கேட்டாய்.

“ஒனக்கு இது சலிக்கவே இல்லியாலே?”

அதற்கும் ஏதோ சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

போன மாதம் உன் மகள் வந்தாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு உன் சிநேகிதர்கள் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டப்போகிறார்களாம். உன் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் குதியையும் பெரிதாகப் போடவேண்டும் என்கிறார்களாம்.

“சித்தப்பா, பள்ளிக்கூடத்துல என்னை எல்லாரும் ‘ரப்பர் மவ’ன்னுதான் கூப்பிடுவாவ. வீட்டுக்கு வந்து அழுதா, அப்பா தலையைத் தடவிட்டு ஒண்ணும் சொல்லமாட்டாவ. போஸ்டரைப் பாத்து மறுபடி ஊரு சிரிக்கட்டும், அதுக்கு நான் பயப்படல. எங்கப்பா பொய் சொன்னாவளா இல்லியா? நீங்கதான் ஊரு வழக்கெல்லாம் விசாரிப்பியளே, இதை விசாரிச்சுச் சொல்லுங்க.”

விசாரித்தேன். ஷூட்டிங்குக்கு வைக்கோலும் ஓலையும் கொடுத்தவர் வடகரையில் இன்னும் இருக்கிறார். தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டியும் மட்டை ஒரே வெட்டில் பிளக்கிறது. வந்த விஷயத்தைச் சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தார்.

“குதிச்சது பொம்மையாக்கும். வைக்கோல் பொம்மை. நான்தான் கட்டினது. அவசரத்துல ஒரு காலைத் திருப்பி வச்சுக் கட்டிட்டேன். ஊரு பூரா சிரிக்கி. எனக்கு மட்டும்தான் வெக்கம், கேட்டியளா?”

அப்பாடா, என் சந்தேகம் சரிதான் என்று கிளம்ப எழுந்தேன். அவர் விடவில்லை.

“நில்லும். ஹீரோவுக்கு உடுப்பு ஒரே ஒரு ஜோடிதான். அதைத்தான் பொம்மைக்கும் போட்டிருந்து. உடுப்பு போச்சுன்னா படம் போச்சு. சாரல் நேரம், கசத்துல தண்ணி சுத்துது. எவனும் எறங்கமாட்டேன்னுட்டான். இந்தப் பையந்தான் மேல இருந்தே குதிச்சு எடுத்துட்டு வந்தான். ஒரு தடவையில்ல, பொம்மை சரியா விழலைன்னு மூணு தடவை எடுத்தாவ, மூணு தடவையும். மூணாம் தடவை பாறையில அடிச்சு தோளு எறங்கிட்டு. ஒத்தக் கையால பொம்மையை இழுத்துட்டு வந்தானே தவிர, விடல.”

“நீங்க பாத்தியளா?”

“பின்னே? கரையில நின்னு அவனுக்குக் கயிறு பிடிச்சது நானாக்கும்.”

“கேமராவுல?”

“எதுக்கு எடுக்கணும்? பொம்மை விழுந்ததும் கட். அதுக்கப்புறம் குதிக்கவனை யார் எடுக்கா?”

வீட்டுக்கு வந்து அந்தக் குதியை நூறு தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பொம்மை தண்ணீரைத் தொடும். அதோடு சரி. உன் தலைமுடிகூடத் தெரியவில்லை.

இதில் என்னைக் குடைந்தது ஒன்றுதான். நிஜமாகவே மூன்று தடவை உயிரைப் பணயம் வைத்தவன், எதற்காக ஒரு பொம்மையின் குதியைத் தன் குதி என்று சொல்லிக்கொள்ளவேண்டும்? உன் வீட்டுக்குப் போய் மதினியிடம் நேராகவே கேட்டேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“அவங்க எப்பமாவது தன் வாயால அப்படிச் சொல்லி நீங்க கேட்டிருக்கியளா அண்ணாச்சி?”

யோசித்தேன். தண்ணீர் குளிர்ந்தது என்பதைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க அப்பா, ‘மாப்பிள்ளைக்குக் கைக்கு என்ன’ன்னு கேட்டாவ. கை விளங்காதவன்னு தட்டிக்கழிக்கதுக்குதான் கேட்டாவ. அவங்க பதில் சொல்லதுக்குள்ள நீங்க எந்திச்சு, ‘சினிமாவுல ஹீரோவுக்காவ அருவியில குதிச்ச கை’ன்னு சொன்னிய. சொன்னதோட விடாம எங்க வீட்டு முக்காலி மேல ஏறிக் குதிச்சும் காமிச்சிய. முக்காலி ஒடைஞ்சு போச்சு. எங்க அப்பா சிரிச்சு, சம்மதிச்சாவ.”

சொல்லச் சொல்ல எனக்கு நினைவு வந்துவிட்டது. முக்காலி மட்டுமில்லை, அதற்கு முந்தைய வருஷமும். தென்காசித் தியேட்டரில் முதல் நாள், அந்தக் குதி வந்ததும் பெஞ்சு மேல் ஏறி, “ஏலே, அது நம்ம ஆளு!” என்று கத்தியவன் நான். ஷூட்டிங் நடந்தபோது நான் ஊரில் இல்லை. நீ வேலைக்குப் போனாய், கட்டுப்போட்ட கையோடு வந்தாய், மிச்சத்தை நானே கற்பனை செய்துகொண்டேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அடக்கம் என்று நினைத்தேன்.

ஊரார் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டவன், இந்தப் பொய்யை விதைத்த ஆளை மட்டும் மறந்தே போனான். அவனுக்கு வேறு மனுஷர்களைத் துருவுகிற வேலை இருந்தது.

“கல்யாணமாகி கொஞ்ச நாள்ல எங்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டாங்க” என்றாள் மதினி. “‘அப்போ ஊருல ஏன் சொல்லல’ன்னு கேட்டேன். ‘அவன் எனக்காவ எந்திச்சு நின்னு சொன்னாம்லா. இப்போ அவனைப் பொய்யனாக்கவா?’ன்னாங்க. நீங்க அந்தப் புத்தகத்துல எழுதுனப்போ எனக்குக் கோவம் வந்து, ஒங்க வீட்டுக்கே கெளம்பிட்டேன். ‘ஏட்டி, உள்ள போ. அவனுக்கு மறந்துருக்கும்’னு சொல்லித் தடுத்துட்டாங்க.”

கீரையை மறுபடி ஆய ஆரம்பித்துவிட்டாள். எனக்கு டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்காததில் நியாயம் இருந்தது.

உன் மகளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பொம்மையைச் சொன்னேன், நீ மூன்று தடவை குதித்ததைச் சொன்னேன், முக்காலியைச் சொன்னேன். முக்காலிக்கு வந்தபோது பழக்கதோஷத்தில் கொஞ்சம் நடித்துக் காட்டப் போனேன். அவள் சிரிக்கவில்லை, நிறுத்திக்கொண்டேன்.

“அப்போ நான் ரப்பர் மவ ஆனது ஒங்களாலயா சித்தப்பா?”

“ஆமாம்மா.”

மன்னித்ததாகச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, “இதையும் அதே பத்திரிகையில எழுதுங்க. ஆனா சிரிப்பு காட்டாம எழுதுங்க” என்றாள். போஸ்டரில் குதி வேண்டாம் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டாள். கடையில் நீ காயிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் போகிறது.

எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை. தன்னால் ஒரு நகைச்சுவை வரி வந்து உட்காரும், அதை அடிப்பேன், இன்னொன்று வரும். கடைசியில் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி வறண்டு கிடந்தது. இந்த மாதம் அச்சாகி வந்தது.

வந்த அன்று காலையிலிருந்து போன். செங்கோட்டையிலிருந்து ஒருவர், “அண்ணாச்சி, சிரிச்சு வயிறு வலிக்கி! பொம்மையை எடுக்க மூணு தடவ குதிச்சானா? ஒமக்கு எங்க இருந்துதான் இப்படி வருது!” என்றார். இன்னொருவர் முக்காலியைப் படித்துப் புரையேறிப் போனதாகச் சொன்னார். ஆசிரியர் இதுவரை நான் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்றார். இல்லை ஐயா, இது உண்மை என்றேன். அதற்கு அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். ஊரைப் பொறுத்தவரை படத்தில் குதித்தவன் நீதான். அதை மாற்ற அவர்களுக்கு மனமில்லை. மாற்றச் சொல்கிறவன் நானாக இருப்பதால் நம்பிக்கையுமில்லை. அந்தப் பழைய பொய்யனிடம், அதாவது என்னிடமே, நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியையெல்லாம் இப்போது என்னிடம் கேட்கிறார்கள்: யார் பார்த்தது, கேமராவில் இருக்கிறதா, அந்தக் கிழவர் உமக்கு என்ன உறவு?

முன்பெல்லாம் உன் சார்பில் பேச எழுந்து நிற்பேன், கையை வீசுவேன். இப்போது உட்கார்ந்தபடியே சொல்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.