நாலில் வைத்த குமிழ்

திங்கள், 11
காலையிலிருந்து தூறல். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. கல்லூரி வரை நின்றபடியே பயணம்.
வாங்க வேண்டியவை: சிவப்புப் பேனா, அப்பாவுக்கு மூக்கில் மாட்டும் குழாய், ரொட்டி.
அப்பாவுக்குப் பீடி தின்ற நுரையீரல். வீட்டு ஆக்சிஜன் மெஷினின் குமிழ் ஒன்றாம் எண்ணைத் தாண்டக் கூடாது, டாக்டர் உத்தரவு. “மூச்சு வாங்குதும்மா, கொஞ்சம் ஏத்து” என்று கெஞ்சுகிறார். ஏற்றவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை.

செவ்வாய், 12
மறுபடி மழை. முதலாமாண்டு மாணவர்களுக்கு மூச்சுப் பாடம் எடுத்தேன். கழுத்து ரத்தக்குழாய் ஓரம், அரிசி அளவில் ஒரு காவல்காரன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் அடைபடும். மின்நிலை மாறும். கால்சியம் வாசல் திறக்கும். மூளைக்குத் தகவல்: இழு மூச்சை. சில நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் இந்த மூச்சுத் தூண்டல் தணியும், கரியமில வாயு சேரும், மயக்கம் வரும். (இது மட்டுமே காரணமில்லை என்றும் சொன்னேன்.) நல்ல வகுப்பு. எனக்கே பெருமை.
மதியம் அம்மா போன். “நாலுல வெச்சேன்டி. மூஞ்சே தெளிஞ்சிட்ச்சி. எத்தினி நாளாச்சி, நிம்மதியா தூங்கிக்கினு கீறாரு.”
மேஜையில் விடைத்தாள் குவியல். “சரிம்மா, தூங்கட்டும்” என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.
மாலை, வீடு திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது உறைத்தது. நாலு! உடனே அம்மாவுக்குப் போன்.
“ஒண்ணுக்குக் கொண்டாம்மா! அப்பாவ எழுப்பு!”
“எழுப்பறேன்டி... எழுந்துக்க மாட்றாரு.”
நான் வீடு சேர்வதற்குள் தெருமுனையில் ஆம்புலன்ஸ்.

வியாழன், 14
நேற்று எழுதவில்லை. மழை இல்லை. அப்பா முகத்தில் முகமூடி, மெஷின் மூச்சைத் தள்ளுகிறது. வார்டு வாசலில் எத்தனை நடை நடந்தேன், தெரியாது.
யார் ஏற்றினது என்று டாக்டர் கேட்டார்.
“நாந்தாங்க. படிக்காதவங்க, தெரியலீங்க.” அம்மா.
பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. சீ.

வெள்ளி, 15
அப்பா கண் விழித்தார். முகமூடியை விலக்கி, “ஒரே பேஜாரு. மல்லாட்டை வேவெச்சி எடுத்தாந்தியா?” இந்த நிலையிலும் வேர்க்கடலை நினைப்பு. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. அழுதுவிட்டேன்.
வெளியே அம்மாவிடம், “தூங்கட்டும்னு நான்தானேம்மா சொன்னேன்” என்றேன்.
அம்மா ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாள். “உஸ்ஸு. நீ பாடம் நடத்தற பொண்ணு. ஆருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத.”